சிறுநீரக நீர்க்கட்டி அறுவை: கட்டியின் சுவரைப் பார்த்துப் பில்லிங் கோடு போடுங்கள்

"கிட்னியில் நீர்க்கட்டி இருந்தது, எடுத்தாகிவிட்டது" என்று நோயாளி வீட்டில் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அதே வரி அமெரிக்க மருத்துவமனையின் சார்ட்டாக, அதைப் பில்லுக்கான எண்களாக மாற்றும் கோடரிடம் வரும்போது ஆறு வழியாகப் பிரிகிறது: 50280, 50541, 50542, 50543, 50390, 49185. எல்லாமே சிபிடி கோடுகள், மருத்துவர் செய்த வேலையைப் பில்லில் குறிக்கும் எண்கள். எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து மருத்துவருக்குக் கிடைக்கும் தொகை மாறும். நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கும் மாறும். அறுவைக்குப் பிறகு எத்தனை நாள் வரை தனியாகப் பில் போடக்கூடாது என்ற கணக்கும் மாறும்.

தப்பாகப் போட்ட கிளெய்ம், அதாவது காப்பீட்டுக்கு அனுப்பும் பில், உடனே திரும்பி வந்தால் நல்லதுதான், திருத்தி அனுப்பிவிடலாம். திரும்பி வராமல் பணம் வந்து, நாளாகி ஆடிட்டில் அகப்படுவதுதான் மோசம். அப்போது அந்த ஒரு கிளெய்மோடு நிற்காது. அதே மருத்துவருக்கு நாம் போட்ட பழைய கிளெய்ம்கள் அத்தனையையும் எடுத்து வைப்பார்கள்.

இந்த ஆறில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. யூராலஜி சார்ட் பார்க்கிறவர்களையும் பார்க்கத் தொடங்குகிறவர்களையும் நினைத்து எழுதுகிறேன். நான் பிடித்துக்கொண்டிருக்கும் இழை ஒன்றே ஒன்று: மருத்துவர் கட்டியின் சுவரை என்ன செய்தார்? உள்ளே இருந்த நீரை மட்டும் எடுத்தாரா, சுவரை வெட்டினாரா, சுவரோடு சேர்த்துச் சிறுநீரகத்தின் ஒரு துண்டையும் எடுத்தாரா? இதற்குப் பதில் கிடைத்த பிறகு இரண்டாவது கேள்வி: அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்? ஊசியா, லேப்ராஸ்கோப்பியா (சிறு துளைகள் வழியாகக் காமிரா விட்டு), வயிற்றைத் திறந்தா? கேள்விகளை இந்த வரிசையில் கேட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

50280-ஆ, 50541-ஆ

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

50280 என்பது சிறுநீரகக் கட்டியை வெட்டி எடுப்பது அல்லது அதன் கூரையைத் திறப்பது. இது திறந்த அறுவைக்கான கோடு. 50541 லேப்ராஸ்கோப்பி வழியாகச் சிறுநீரகக் கட்டிகளை அழிப்பது, அதாவது 'அப்லேஷன்'. சிக்கல் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஆப் நோட்டில், அதாவது அறுவைக் குறிப்பில், எந்த மருத்துவரும் அப்லேஷன் என்று எழுதுவது அபூர்வம். 'டிகார்டிகேஷன்' என்பார்கள், 'அன்ரூஃபிங்' என்பார்கள், 'மார்சூபியலைசேஷன்' என்பார்கள், வெறுமனே 'எக்சிஷன்' என்றும் எழுதுவார்கள். எல்லாம் கட்டியின் சுவரை வெட்டுவது அல்லது திறப்பதுதான். தலைப்பில் "லேப்ராஸ்கோப்பிக் எக்சிஷன் ஆஃப் ரீனல் சிஸ்ட்" என்று இருந்தால் புதியவர் என்ன செய்வார்? எக்சிஷன் என்ற சொல்லைத் தேடிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுவார். அந்தச் சொல் 50280-இல் அப்படியே இருக்கும். அன்ரூஃபிங் என்ற சொல்லும் அங்கேதான் இருக்கும். 'கிடைத்துவிட்டது' என்று போட்டுவிடுவார். லேப்ராஸ்கோப்பிக்குத் திறந்த அறுவையின் கோடு விழுந்துவிடும்.

நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க இப்படி 50280 போட்டுத் தள்ளினேன். மூன்றாவது நாளே பக்கத்து இருக்கை அக்கா பார்த்துவிட்டு, "போர்ட் வச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கே, அப்புறம் எப்படி ஓப்பன் கோடு?" என்று கேட்டார். போர்ட் என்பது லேப்ராஸ்கோப்பிக் கருவி நுழையும் சிறு குழாய். எனக்கு அவர் கேட்டது புரியவில்லை. சொல் பொருந்துகிறதே என்று வாதாடினேன். வார முடிவில் ஆடிட் அறிக்கை வந்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. சொல் பொருந்தினால் மட்டும் போதாது. உள்ளே போன வழி பொருந்த வேண்டும்.

ஒரு ஆப் நோட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மூன்று போர்ட் வைத்தார்கள். பெருங்குடலை நகர்த்தினார்கள். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள ஜெரோட்டா உறையைத் திறந்ததும் கீழ்முனையில் நீலம் பாய்ந்த கட்டி தெரிந்தது. ஊசியால் நீரை உறிஞ்சிச் சைட்டாலஜிக்கு (செல் பரிசோதனைக்கு) அனுப்பினார்கள். கட்டியின் சுவர் சிறுநீரகத் திசுவைத் தொடும் விளிம்பு வரை வட்டமாக வெட்டி எடுத்துப் பத்தாலஜிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பினார்கள். அடிப்பரப்பைச் சுட்டு, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள்.

இதில் எத்தனை கோடு போடலாம்? ஒன்றே ஒன்று, 50541. நீரை உறிஞ்சியதற்குத் தனியாக 50390 கிடையாது, அது கட்டியை வெட்டுவதற்கு முன்னால் செய்யும் ஆயத்தம். சுவரைப் பத்தாலஜிக்கு அனுப்பியது பயாப்ஸி ஆகாது. அடிப்பரப்பைச் சுட்டதும் அதே வேலையின் பகுதிதான். முதலில் காமிரா விட்டுச் சுற்றிப் பார்த்தார்கள் என்பதற்காக டயக்னாஸ்டிக் லேப்ராஸ்கோப்பியான 49320-ஐச் சேர்க்கவும் கூடாது. சிகிச்சைக்கான லேப்ராஸ்கோப்பிக்குள் அது எப்போதுமே அடக்கம்.

வயிற்றறைக்குள் போகாமல் முதுகுப் பக்கமாக ரெட்ரோபெரிடோனியல் வழியில் போர்ட் வைத்திருந்தாலும் 50541-தான். கையை உள்ளே விட்டுச் செய்யும் ஹாண்ட்-அசிஸ்டட் முறைக்கும் அதேதான். வெட்டிய திசுவை வெளியே எடுக்கப் போர்ட் துளையைச் சற்றுப் பெரிதாக்கினார்கள் என்பதால் அது திறந்த அறுவையாகிவிடாது. ரோபோ வைத்துச் செய்தாலும் சிபிடி கோடு மாறாது. சில தனியார் பேயர்கள், அதாவது காப்பீட்டு நிறுவனங்கள், ரோபோ பயன்பாட்டைக் காட்ட எஸ்2900 என்ற கோடைக் கேட்பார்கள். அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேர் அதை ஏற்பதில்லை, அதற்கென்று தனிப்பணமும் எதிர்பார்க்க வேண்டாம்.

லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, ரத்தக்கசிவாலோ ஒட்டுத்திசுவாலோ திறந்த அறுவைக்கு மாறினால்? அப்போதுதான் 50280 தன் இடத்துக்கு வருகிறது. இரண்டையும் போடக்கூடாது, முடித்து வைத்த வழிக்கு மட்டும் பில். கூடவே நோய்க் கோடுகளின் வரிசையில் இசட்53.31-ஐச் சேர்க்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி திறந்த அறுவையாக மாறியது என்பதைச் சொல்லும் கோடு அது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால், முன் அனுமதி 50541-க்கும் கிளெய்ம் 50280-க்கும் இருப்பதன் காரணம் பேயருக்குத் தெரியாது.

முன் அனுமதி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அறுவைக்கு முன்பே 'ஆத்' வாங்கும் குழு பெரும்பாலும் 50541 என்ற ஒரே எண்ணுக்குத்தான் வாங்கி வைத்திருக்கும். உள்ளே போன பிறகு வேலை மாறினால் அந்த எண் பொருந்தாது, சிஓ-197 (முன் அனுமதி இல்லை) என்று டினையல் வந்து நிற்கும். பல பேயர்கள் அறுவை முடிந்த பின் சில நாட்களுக்குள் அனுமதியைத் திருத்த இடம் கொடுக்கிறார்கள். அந்த நாட்கள் கோடர் சார்ட்டைத் திறப்பதற்குள் ஓடிவிடுகின்றன. அதனால் ஆப் நோட்டில் 'கன்வர்ட்டட்' என்ற சொல்லைக் கண்ட அன்றே ஆத் குழுவுக்கு ஒரு வரி தட்டிவிடுங்கள். ஒரு சின்ன மின்னஞ்சல் பல வார அப்பீலை மிச்சப்படுத்தும்.

சுவரோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் வெட்டினால்

அடுத்த பெரிய தடுமாற்றம் 50541-க்கும் 50543-க்கும் நடுவே. 50543 என்பது லேப்ராஸ்கோப்பிக் பார்ஷியல் நெஃப்ரெக்டமி, சிறுநீரகத்தின் ஒரு பகுதியையே எடுப்பது. திறந்த அறுவையில் இதே வேலைக்கு 50240. கட்டியின் கூரையை வெட்டுவதைவிட இதற்குக் கிடைக்கும் தொகை மிக அதிகம், அதனால் ஆடிட்டரின் கண்ணும் இதன் மேல்தான்.

இங்கே கொஞ்சம் மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும். எல்லா நீர்க்கட்டியும் ஒன்றல்ல. மார்ட்டன் பாஸ்னியாக் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் 1986-இல் சிறுநீரகக் கட்டிகளை சிடி ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்துத் தரம் பிரித்தார். பிறகு திருத்தங்கள் வந்தன, 2019-இல் புதிய வடிவமும் வந்தது. ஒன்றாம், இரண்டாம் வகைகள் தீங்கில்லாதவை. 'டூ-எஃப்' என்பது விட்டுவிடாமல் தொடர்ந்து பார்க்க வேண்டிய வகை. மூன்றாம் வகையில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும், நான்காம் வகையில் பெரும்பாலானவை புற்றுதான். ஆக ஒன்றாம் வகைக் கட்டி வலி தருகிறது என்றால் மருத்துவர் கூரையைத் திறந்து விடுவார். நான்காம் வகையை யாரும் திறக்க மாட்டார்கள். உள்ளே இருப்பது சிந்தினால் புற்று பரவும் என்ற பயத்தில், சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்துக் கட்டியை உடையாமல் முழுசாக எடுப்பார்கள்.

ஆப் நோட்டில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுநீரக ரத்தக்குழாயைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினார்கள், ரத்தம் நின்ற நேரம் இத்தனை நிமிடம் என்று குறித்தார்கள், கட்டியைச் சுற்றி மார்ஜின் விட்டு வெட்டினார்கள், வெட்டிய சிறுநீரகத்தைத் தையல் போட்டு மூடினார்கள். இப்படி எழுதியிருந்தால் பார்ஷியல் நெஃப்ரெக்டமி. பத்தாலஜி அறிக்கையில் சிறுநீரகத் திசு எடுக்கப்பட்டிருப்பதும் மார்ஜின் பற்றிய வரியும் இருக்கும். தையல் என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி 50543-க்குப் போய்விடாதீர்கள். கூரையைத் திறந்த பிறகும் அடிப்பரப்பில் ரத்தம் கசிந்தால் இரண்டு தையல் போடுவது உண்டு. நல்ல சிறுநீரகத் திசு வெட்டி எடுக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. நோட்டில் அது தெளிவாக இல்லையென்றால் ஊகிக்காதீர்கள், மருத்துவருக்குக் க்வெரி அனுப்பி விளக்கம் கேளுங்கள். இதில் என் கருத்து கறார்: சந்தேகத்தில் பெரிய கோடைப் போடுவது உழைப்பே இல்லாத பணத்தை நோயாளியின் தலையில் ஏற்றுவதாகும்.

ஒரே சிறுநீரகத்தில் புற்றுக்கட்டியைப் பார்ஷியல் நெஃப்ரெக்டமி செய்யும்போது வழியில் இருந்த ஒரு சாதாரண நீர்க்கட்டியையும் திறந்தார்கள் என்றால் அதற்குத் தனியாக எதுவும் கிடையாது. வலப்பக்கம் பார்ஷியல், இடப்பக்கம் நீர்க்கட்டி என்றால் கதை வேறு. கோடோடு ஒட்டும் குறிதான் மாடிஃபையர். 50543-ஐ ஆர்டி (வலம்) மாடிஃபையருடனும், 50541-ஐ எல்டி-யுடனும் (இடம்), தனி வேலை என்று காட்டும் 59 அல்லது எக்ஸ்எஸ்-உடனும் போடலாம். சிறுநீரகத்தையே முழுவதும் எடுத்துவிட்டால் அது நெஃப்ரெக்டமி, அதிலிருந்த கட்டிகளுக்குத் தனிக்கணக்கு இல்லை.

50542-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது திடக்கட்டியை, அதாவது 'மாஸ் லீஷனை', லேப்ராஸ்கோப்பி வழியாக உறைய வைத்தோ சுட்டோ அழிப்பதற்கு. 50541-லும் அப்லேஷன், இதிலும் அப்லேஷன் என்பதால் குழப்பம் வருகிறது. நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று பாருங்கள், முடிந்தது. 50290 சிறுநீரகத்துக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள இடத்தில் உண்டான கட்டிக்கு. அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

ஊசி வழி

வெட்டாமல் தோல் வழியாக ஊசி மட்டும் குத்திச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி பிரிவிலிருந்து வரும். நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் 50390. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே குத்தினால் கூடவே 76942, சிடி வழிகாட்டுதல் என்றால் 77012. மருத்துவமனையின் கருவியில் செய்த மருத்துவருக்கு இந்த வழிகாட்டுதல் கோடில் மருத்துவரின் பங்கை மட்டும் காட்டும் 26 மாடிஃபையர் வேண்டும். 76942-க்குப் படம் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். நோட்டில் "அண்டர் அல்ட்ராசவுண்ட்" என்று ஒரு வார்த்தை இருந்தால் போதாது.

வெறும் நீரை எடுத்தால் கட்டி பல நேரம் மறுபடி நிரம்பிவிடும், சுவர் அப்படியே இருக்கிறதல்லவா. அதனால் உள்ளே ஆல்கஹால் போன்ற ஒரு மருந்தைச் செலுத்தி, சுவரின் உட்புறம் மறுபடி நீர் சுரக்காதபடி செய்வார்கள். இது ஸ்க்ளீரோதெரபி. 50390-இன் விவரத்தில் 'உறிஞ்சுதல் அல்லது செலுத்துதல்' என்று இருப்பதால் பலர் இதற்கும் அதையே போட்டு நிறுத்திவிடுகிறார்கள். 2016-இலிருந்து இந்த வேலைக்கென்றே 49185 இருக்கிறது. சாயம் செலுத்திப் பார்ப்பது, மருந்து செலுத்துவது, படம் பார்த்து வழிகாட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே மருந்து செலுத்தும் பங்குக்கு வழிகாட்டுதலைத் தனியாகப் போட முடியாது. கட்டிக்குள் ஊசியால் நுழைந்து நீர் எடுத்த பங்குக்கு சிபிடி புத்தகம் 50390-ஐக் காட்டுகிறது. ஊசி போதாமல் கத்தீட்டர் வைத்து வடித்திருந்தால் 49405. அதில் வழிகாட்டுதல் உள்ளடக்கம், 76942 மேலே சேராது. அனுப்பும் முன் எந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக்கூடாது என்று சொல்லும் அந்தக் காலாண்டின் என்சிசிஐ எடிட்டைப் பார்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது மாறும்.

கோடர் கண்ணோட்டத்தில் ஊசி வழிக்கும் அறுவை வழிக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் குளோபல் காலம், அதாவது அறுவைக்குப் பிறகு தனியாகப் பில் போடக்கூடாத நாட்கள். 50390-க்கும் 49185-க்கும் அது பூஜ்யம், மறுநாள் நோயாளி வந்தாலும் தனியாகப் பில் போடலாம். 50280, 50541, 50543 மூன்றுக்கும் 90 நாள்.

எண்ணிக்கை, இரு பக்கம், கடினம்

பத்துக் கட்டி திறந்தார்கள், பத்து யூனிட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 50541-இன் விவரத்திலேயே கட்டிகள் என்று பன்மையில் இருக்கிறது. ஒரு சிறுநீரகத்தில் ஒன்றானாலும் முப்பதானாலும் யூனிட் ஒன்றுதான். 50280-உம் அப்படித்தான்.

இரண்டு சிறுநீரகத்திலும் செய்திருந்தால் மெடிகேர் கட்டண அட்டவணையில் அந்தக் கோடின் பைலேட்டரல் இண்டிகேட்டரைப் பாருங்கள். 1 என்றால் 50 மாடிஃபையருடன் ஒரே வரி, ஒரு யூனிட், 150 சதவீதக் கணக்கு. சில தனியார் பேயர்கள் ஆர்டி ஒரு வரி, எல்டி ஒரு வரி என்று பிரித்துக் கேட்பார்கள்.

சிறுநீரகம் முழுக்கக் கட்டிகள் நிறையும் பாலிசிஸ்டிக் நோயாளிக்குப் பெரிதும் சிறிதுமாக எண்ணற்ற கட்டிகளைத் திறக்கும்போது உழைப்பு உண்மையிலேயே பல மடங்கு. அங்கே கூடுதல் உழைப்பைக் காட்டும் 22 மாடிஃபையர் நியாயமானது. ஆனால் 'கடினமான அறுவை' என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு 22 போட்டால் ஒரு டாலர்கூடக் கூடாது. வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும், இன்று எவ்வளவு ஆனது, எதனால் ஆனது, எத்தனை கட்டி, பழைய அறுவையின் ஒட்டுத்திசு எங்கே இருந்தது என்று மருத்துவர் நோட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த நோட்டும் ஒரு சிறு விளக்கக் கடிதமும் கிளெய்மோடு போக வேண்டும். இதை எழுதித்தரும்படி மருத்துவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

நோய்க் கோடு

நோயைக் குறிக்கும் ஐசிடி-10-சிஎம் கோடுகளில் இந்தக் கட்டிக்கு இரண்டு வீடுகள். வாழ்நாளில் பின்னால் உண்டான கட்டி என்28.1, ஒன்றானாலும் பலவானாலும். பிறவியிலேயே உள்ளவை கியூ61 வரிசை: ஒற்றைக் கட்டிக்கு கியூ61.01, பல கட்டிக்கு கியூ61.02, பெரியவர்களுக்கு வரும் பாலிசிஸ்டிக் நோய்க்கு கியூ61.2. மருத்துவர் வெறுமனே 'ரீனல் சிஸ்ட்' என்று எழுதினால் இண்டெக்ஸ் என்28.1-க்கே கொண்டுபோகும். 'பல கட்டிகள்' என்று ஸ்கேனில் இருப்பதைப் 'பாலிசிஸ்டிக்' என்று நாமே மொழிபெயர்த்துக்கொள்ளக் கூடாது. ஒன்று பரம்பரை நோய், இன்னொன்று வயதானால் பலருக்கும் வருவது. தப்பான கோடு அந்த நோயாளியின் பதிவில் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். என்28.1-இல் வலம் இடம் கிடையாது, ஆகவே பக்கத்தைச் சொல்வது மாடிஃபையர் மட்டுமே.

சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. ஆகவே என்28.1 மட்டும் வைத்து அனுப்பினால் பேயர் கேட்கும் முதல் கேள்வி: எதற்கு எடுத்தீர்கள்? பதில் இல்லாவிட்டால் சிஓ-50, மருத்துவத் தேவை இல்லை. விலாவலி, சிறுநீரில் ரத்தம், கட்டி அழுத்தியதால் வந்த ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது) போன்றவை மருத்துவர் குறிப்பில் இருந்தால் இரண்டாவது கோடாகச் சேருங்கள். கட்டி இருக்கும் எல்லோருக்கும் வலி வருவதில்லை என்பதால் வலியைத் தனியாகக் காட்டுவதில் தவறில்லை. ரத்த அழுத்தம் கட்டியால் வந்தது என்று மருத்துவர் முடிச்சுப் போட்டிருந்தால் மட்டும் ஐ15.1. முடிச்சை நாம் போடக்கூடாது.

புற்றுச் சந்தேகம் வரும் சார்ட்டில் இன்னும் கவனம் வேண்டும். பாஸ்னியாக் வகைக்கென்று ஐசிடி கோடே இல்லை. நான்காம் வகை என்று ஸ்கேன் சொல்கிறது என்பதற்காக வலப்பக்கத்துக்குப் புற்றுக் கோடான சி64.1 போட முடியாது. மருத்துவருக்கான பில்லிலும் வெளிநோயாளிப் பில்லிலும் "இருக்கலாம்", "சந்தேகம்" என்பவற்றுக்குக் கோடு கிடையாது. பத்தாலஜி வரும்வரை காத்திருங்கள், நாலைந்து நாள் பொறுத்தால் உறுதியான நோய் கையில் இருக்கும். உள்நோயாளியாக இருந்தவருக்கு மருத்துவமனை போடும் பில்லில் விதி தலைகீழ். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'புற்றாக இருக்க வாய்ப்பு' என்று இருந்தால் இருப்பதாகவே கோடு போட வழிகாட்டி சொல்கிறது. ஒரே நோயாளி, ஒரே அறுவை, மருத்துவரின் பில்லில் ஒரு நோய், மருத்துவமனை பில்லில் இன்னொன்று என்று தெரியும். இது தவறல்ல, விதியே அப்படி. 'அன்சர்ட்டன் பிஹேவியர்' என்ற டி41 வரிசை நமக்கு நிச்சயமில்லாததைச் சொல்வதற்கல்ல, பத்தாலஜிஸ்ட் அப்படி எழுதினால் மட்டுமே.

மருத்துவமனைப் பில் பற்றிச் சுருக்கமாக. உள்நோயாளி என்றால் மருத்துவமனை பில்லுக்கான யூபி-04 படிவத்தில் சிபிடி-க்குப் பதில் ஐசிடி-10-பிசிஎஸ் என்ற வேறு கோடு வரிசை. அதன் இண்டெக்ஸில் மார்சூபியலைசேஷன் என்று தேடினால் டிரெயினேஜைப் பார், எக்சிஷனைப் பார் என்று இரண்டு பக்கமும் கை காட்டும். மறுபடி நம் பழைய கேள்விதான்: சுவரை வெட்டி எடுத்திருந்தால் எக்சிஷன், வழி உண்டாக்கி நீரை வடியவிட்டதோடு நின்றால் டிரெயினேஜ். பிசிஎஸ்-இல் வலச் சிறுநீரகமும் இடச் சிறுநீரகமும் தனித்தனி எழுத்து. ரோபோவுக்கும் இங்கே தனிக்கோடு உண்டு. அறுவை அதேதான் என்றாலும், மருத்துவமனையின் தொகையைத் தீர்மானிக்கும் டிஆர்ஜி மாறும்: முதன்மை நோய் நியோபிளாசம் (புற்றோ தீங்கற்ற கழலையோ) என்றால் 656 முதல் 658 வரை, இல்லை என்றால் 659 முதல் 661 வரை.

90 நாளுக்குள் நோயாளி திரும்பி வந்தால்

50541 முடிந்து இரண்டு வாரத்தில் வயிற்றில் சிறுநீர் கசிகிறது என்று நோயாளி திரும்பி வருகிறார். அதே யூராலஜிஸ்ட் அவரை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்ச் சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட் வைக்கிறார். கோடு 52332, அறுவையின் தொடர்ச்சியாக மறுபடி ஆபரேஷன் அறைக்குப் போனதைக் காட்டும் மாடிஃபையர் 78. அறுவை நேரத்துக்கான பங்கு மட்டும் கிடைக்கும், புதிதாக 90 நாள் தொடங்காது. வார்டிலேயே ஏதோ செய்து சரிசெய்திருந்தால் மெடிகேர் தனியாக எதுவும் தராது. சாதாரணப் பார்வைகள் எல்லாம் பழைய தொகைக்குள்ளேயே அடக்கம்.

அதே நோயாளிக்கு வெட்டிய இடத்தில் மறுபடி நீர் கோத்து, யூராலஜிஸ்ட் அவரை ரேடியாலஜிக்கு அனுப்பி, அங்கே ஊசியால் நீரை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். இந்த 50390-க்கு 78 வேண்டுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். 90 நாள் கட்டு அறுவை செய்தவருக்கும் அவருடைய குழுவில் அதே துறையில் இருப்பவர்களுக்கும்தான். ரேடியாலஜிஸ்ட் வேறு துறை, அவருடைய பில் மாடிஃபையர் இல்லாமலே போகலாம். சிஓ-97 (வேறு வேலையின் தொகைக்குள் அடக்கம்) என்று திரும்பி வந்தால், கிளெய்மில் ரேடியாலஜிஸ்டின் என்பிஐ-க்கு (மருத்துவரின் அடையாள எண்ணுக்கு) பதில் யூராலஜிஸ்டின் எண் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பீல் எழுதுவது அதற்குப் பிறகு.